ரொட்டிக்கு இடம் உண்டு, சுட்டவருக்கு?

(திருச்சியில் இளைஞர்கள் கூடி நடத்திய புலம்பெயர் உணவு இரவு விருந்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்குப் பிறகு பேசச் சொல்லியிருக்கிறீர்கள். வயிறு நிறைந்தவர்களுக்குத் தூக்கம் வரும் என்பதால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

லண்டனிலும் டொராண்டோவிலும் சப்பர் கிளப் என்று நடத்துகிறார்கள். முன்பின் அறியாத இருபது முப்பது பேர் பணம் கட்டி, ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒருவர் சமைப்பதைச் சாப்பிட்டுக் கதை கேட்கிறார்கள். அதை நம் ஊரில் செய்து பார்த்திருக்கிறீர்கள். நல்ல முயற்சி. யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதற்காகவே சண்டை நடந்த நாடு இது. முன்பின் தெரியாதவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதை நான் ஒருபோதும் சின்ன விஷயமாக நினைக்க மாட்டேன்.

ஆனால் உங்கள் கையில் இருக்கும் அட்டையைப் பாருங்கள். பர்மா அத்தோ, யாழ்ப்பாணத்து ஒடியல் கூழ், மலையகத்துத் தேங்காய் ரொட்டியும் சம்பலும். மேலே ‘எல்லைகளைக் கடந்த சுவை’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். சுவை எல்லையைக் கடந்துவிட்டது, சரி. அதைச் சமைத்த மனிதர்கள் கடந்தார்களா?

முதலில் அத்தோ. நூடுல்ஸும் புளியும் பொரித்த வெங்காயமும் கலந்த இந்த உணவு, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களோடு இங்கே வந்தது. 1962இல் அங்கே நெ வின் ராணுவ ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் நாட்டுடைமை ஆயின. தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறினார்கள். இங்கே வந்து தள்ளுவண்டி போட்டுத்தான் பிழைத்தார்கள். இன்று நாம் ஃப்யூஷன் என்று ரசிப்பது, அவர்களுக்கு அடுத்த வேளைக்கான வழி.

அடுத்தது ஒடியல் கூழ். ஒரே பானையில் காய்ச்சி, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பிளாவில் ஊற்றிக் குடிப்பது என்று இதைப் பற்றி அழகாகச் சொல்வார்கள். அதே யாழ்ப்பாணத்தில்தான் ஒடுக்கப்பட்ட சாதியினர் தேநீர்க்கடைக்குள் உட்கார முடியாமல் இருந்தது. 1966 அக்டோபரில் தொடங்கிய எழுச்சியில், கடைக்குள் போய் மற்றவர்களுக்குச் சமமாகத் தேநீர் குடிப்பதற்காகவே மக்கள் போராட வேண்டியிருந்தது. அடி வாங்கினார்கள், உயிரும் கொடுத்தார்கள். கூழைப் பற்றிப் பேசுகிற விருந்துகளில் இந்தத் தேநீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நம் ஊரிலும் கதை வேறல்ல. தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகம் இதே திருச்சியில் இருந்தது. அந்த ரயில்வேயின் சிற்றுண்டிச் சாலைகளில் பார்ப்பனருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம். பெரியாரும் தோழர்களும் போராடி, 1941இல்தான் அது ஒழிந்தது. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கஃபே முன்னால் மறியல். பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற ஒரு சொல்லுக்காகத் தோழர்கள் நாள்தோறும் கைதானார்கள். எல்லாம் பழைய கதை என்கிறீர்களா? காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கே 2012இல் அதே சொல்லோடு ஓர் உணவகத்துக்குப் பலகை வைத்தார்கள். திராவிடர் கழகம் மீண்டும் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சொல் ‘பாரம்பரியம்’ என்ற பெயரில் வெளிநாட்டு உணவு அட்டைகளிலும் ஏறிக்கொள்கிறது. சாதிக்கும் பாஸ்போர்ட் உண்டு. 2023இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட்டது. அங்கே சாதி போய்ச் சேராமலா அந்தச் சட்டம் தேவைப்பட்டது?

கடைசியாக ரொட்டி. எனக்கு முக்கியமானது இதுதான்.

இலங்கை மலையகத்துக்குத் தேயிலைக் கூலிகளாகப் போனவர்கள் திருச்சி, தஞ்சை, மதுரை, சேலம் பக்கத்து மக்கள். அவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர். நிலம் இல்லை, பஞ்சம் இருந்தது, கங்காணி கொடுத்த முன்பணம் இருந்தது. சோற்றுக்கு வழியில்லாத நாளில் கோதுமை மாவைப் பிசைந்து தடிமனாகச் சுட்டு, சம்பலைத் தொட்டுக்கொண்டு, சாயத்தண்ணியைக் குடித்து மலையேறினார்கள். நல்ல தேயிலை கப்பலில் போனது. பறித்தவர்களுக்குத் தூள்தான் மிஞ்சியது.

1948இல் இலங்கை அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பத்தாண்டு கழித்துப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தக் கப்பலில் வந்தவர் ‘தாயகம் திரும்பியவர்’. 1983 வன்முறைக்குப் பின் உயிருக்குப் பயந்து படகில் வந்தவர் ‘அகதி’. தாத்தா ஒரே ஊர்க்காரராக இருக்கலாம், அரசுக்கு அது கணக்கில்லை. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் நம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், கொட்டப்பட்டு முகாமில் இருக்கிறார்கள். தலைக்கு மேலே சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் விமானம் பறக்கிறது. கீழே இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது.

இந்திய வம்சாவளியினரான முகாம்வாசிகள் 65 பேர் குடியுரிமை கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார்கள். அவர்கள் விண்ணப்பிக்கலாம், அரசு முடிவெடுக்க வேண்டும் என்று 2019 ஜூனில் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று நாடுகளைச் சொன்னது. இலங்கையைச் சொல்லவில்லை. 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பெயர் மாறியது நல்லதுதான், ஆனால் பெயரை வைத்து ஓட்டுப் போட முடியாது.

முடியும் என்று காட்டியவரும் கொட்டப்பட்டிலேயே இருக்கிறார். 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் சட்டப்படி இந்தியக் குடிமகன்தான். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முகாமில் வாழும் ஒரு பெண் நீதிமன்றம் போனார். 2024 ஏப்ரலில் மக்களவைத் தேர்தலில் முதல்முறையாக வாக்களித்தார். அந்தத் தேதிக்குப் பின் இதே மண்ணில் பிறந்து, இங்கேயே பள்ளிக்கும் கல்லூரிக்கும் போன, உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு அந்த வழியும் இல்லை.

ஒன்றாகச் சாப்பிடுவது மட்டுமே சாதியை ஒழிக்காது என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார். எல்லைக்கும் அதே கதைதான். அதனால் அடுத்த விருந்தை நிறுத்துங்கள் என்று சொல்ல வரவில்லை. நடத்துங்கள், ஆனால் மூன்று காரியம் செய்யுங்கள். அட்டையில் பதார்த்தத்தின் பெயரோடு, அதைச் சமைத்தவர்கள் எந்த ஆண்டு, எதனால் ஊரைவிட்டுப் போனார்கள், எதனால் வந்தார்கள் என்று எழுதுங்கள். முகாமிலிருந்து சமைக்க அழைத்தால் நியாயமான கூலி கொடுத்து, முதல் பந்தியில் அவர்களை உட்கார வையுங்கள். சாப்பிட்டவர் ஒவ்வொருவரும் தம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இங்கே பிறந்தவர்களுக்கும் இந்த மண்ணிலிருந்து போனவர்களின் பிள்ளைகளுக்கும் குடியுரிமை கொடு என்று ஒரே வரி போதும்.

தாளும் பேனாவும் வாசல் மேசையில் இருக்கின்றன. கையைக் கழுவிவிட்டு வாருங்கள், இன்றைக்கே எழுதிவிடலாம்.