விழிக்க மறுக்கும் மடிக்கணினி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்படுவதே மரபு. அவ்வாறிருக்க, மடிக்கணினி இயங்க மறுத்தால் செய்யத்தக்கது யாது என்பதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். எண்ணிப் பார்த்தால், இது நம் குடும்பங்களின் பொருளே என்பது விளங்கும். ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கு, ஊரின் பெரும்பகுதி அந்தக் கருவிக்குள்ளேதான் இருக்கிறது. பாட்டியின் குரல், திருமணப் புகைப்படங்கள், பூர்வீக வீட்டுப் பத்திரத்தின் படி, குழந்தைகளின் பாடக் குறிப்புகள், நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் ஆகிய யாவும் அதனுள் அடங்கியவை. ஒரு நாள் காலை அது விழிக்க மறுத்தால், நாம் இழக்கக்கூடியது கருவியின் விலை மட்டுமன்று.

அத்தகைய வேளையில் நாம் கடைக்கு ஓடுகிறோம். அங்கே சொல்லப்படும் முதல் மருந்து பெரும்பாலும் ஒன்றே: "ஃபார்மட் செய்துவிடலாம்." தலைவலி என்று சென்றவருக்குத் தலையை மாற்றிவிடலாம் என்று சொல்வது போன்றது இது. ஃபார்மட் சில வேளை தேவையே. எனினும் அது கடைசி மருந்து, முதல் மருந்தன்று. இதை உங்கள் உள்ளத்தில் பதிய வைப்பதே என் நோக்கம்.

மூன்றையும் பிரித்தறிதல்

மடிக்கணினி என்று நாம் சொல்லும் ஒன்றில் மூன்று பொருள்கள் உள்ளன. ஒன்று, இயந்திரம். இரண்டு, அதை ஆளும் இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ் என்பன இவ்வகையின. மூன்று, நம்முடைய கோப்புகள். அலுவலகக் குடியிருப்பில் வாழும் நமக்கு இதை விளக்குவது எளிது. இயந்திரம் கட்டடம், இயங்குதளம் அதன் மின்சாரமும் குடிநீரும் கதவுப் பூட்டும், கோப்புகள் நாம் கொண்டுவந்து வைத்த தட்டுமுட்டுச் சாமான்கள். குழாய் பழுதானால் சாமான்களைத் தெருவில் எறிவார் உண்டோ? கட்டடத்தையே செப்பனிட வேண்டுமென்றாலும், முதலில் சாமான்களைப் பத்திரமாக வெளியேற்றுவோம் அன்றோ?

கணினி விழிக்கும் முறை

பொத்தானை அழுத்தியதும் முதலில் எழுவது விண்டோஸ் அன்று. தாய்ப்பலகையில் உள்ள சிறு சில்லு ஒன்றில் பொதிந்த நிரலே முதலில் எழுகிறது. 1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனிநபர் கணினியில் இதற்குப் பயாஸ் என்று பெயர். இன்றைய கருவிகளில் யு.இ.எஃப்.ஐ. என்பது அதன் இடத்தைப் பெற்றுள்ளது. இது நினைவகம், விசைப்பலகை, திரை ஆகியவற்றைச் சோதிக்கிறது. பின்னர்ச் சேமிப்பகத்தில் தொடக்க நிரல் எங்குளது என்று தேடுகிறது. அந்த நிரல் இயங்குதளத்தின் கருவை நினைவகத்தில் ஏற்றுகிறது. அதன் பின்னரே கடவுச்சொல் கேட்கும் திரை தோன்றும். இது ஓட்டப் பந்தயத்தில் கோல் கைமாறுவது போன்றது. கோல் எவர் கையில் விழுந்தது என்று கண்டுகொண்டால், நோயின் பாதி விளங்கிவிடும்.

குறிகளை அறிதல்

விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுழலவில்லை என்றால், குறை மின்னோட்டத்தில். சார்ஜரையும் சுவர்த்துளையையும் மாற்றிப் பாருங்கள். சார்ஜரையும் இணைப்புகள் அனைத்தையும் கழற்றிவிட்டு, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மீண்டும் சார்ஜரை இணைத்து முயலுங்கள். தேங்கிய மின்னூட்டம் வடிந்து கருவி எழுவதுண்டு.

விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருண்டிருக்கிறது என்றால், தொலைக்காட்சியையோ வேறொரு திரையையோ இணைத்துப் பாருங்கள். அதில் படம் தெரிந்தால் குறை திரையில்தான், கோப்புகளுக்கு ஆபத்தில்லை. படமும் இல்லை, 'பீப்' என்ற ஒலி குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஒலிக்கிறது என்றால், பெரும்பாலும் நினைவகம் போன்ற உறுப்பைச் சோதிக்க வேண்டும்.

தயாரிப்பாளரின் சின்னம் தோன்றியபின், தொடங்கத்தக்க சேமிப்பகம் இல்லை என்ற செய்தி வந்தால், முதலில் செருகியிருக்கும் பென் டிரைவை அகற்றுங்கள். பின்னர் எஃப் 2, எஃப் 10, டெலிட் போன்ற விசைகளுள் தங்கள் கருவிக்கு உரியதை அழுத்தி, அமைப்புத் திரைக்குச் சென்று, அங்கே சேமிப்பகத்தின் பெயர் உள்ளதா எனக் காணுங்கள். பெயர் இருந்தால் பெரும்பாலும் தொடக்க நிரலே கெட்டிருக்கும். பெயரே இல்லையெனில், சேமிப்பகம் தளர்ந்திருக்கலாம் அல்லது பழுதாகியிருக்கலாம். ஹார்டு டிஸ்கிலிருந்து 'டக் டக்' என்ற ஒலி கேட்குமாயின், உடனே கருவியை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு முறை ஓடவிடுவதும் உள்ளிருக்கும் தகவலைச் சிதைக்கக்கூடும். தகவல் மீட்பில் தேர்ந்தவரிடம் அதை ஒப்படைப்பதே அறிவுடைமை.

சின்னம் தோன்றி, வட்டம் சுழன்று, நீலத் திரையுடன் மீண்டும் மீண்டும் தொடக்கத்திற்கே திரும்பினால், குறை பெரும்பாலும் இயங்குதளத்தில். இதுவே நாம் வீட்டிலேயே தீர்க்கத்தக்கது.

ஒரு பெரும் எடுத்துக்காட்டு

2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் உலகம் கண்டதும் இதுவே. கிரௌட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்றால், ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றுவிட்டதாக மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றிலும் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் வழங்கப்பட்டது. நிறுவனம் விரைவிலேயே பிழையைத் திருத்தியது. ஆயினும் விழிக்கவே இயலாத கணினி திருத்தத்தைப் பெறுவது எங்ஙனம்? ஆகவே பல இடங்களில் ஊழியர் ஒவ்வொரு கணினியாகச் சென்று, பாதுகாப்பு முறையில் அதைத் தொடங்கி, பிழையான கோப்பை நீக்க வேண்டியதாயிற்று. அதனால் மீண்ட கணினிகளில் எவரும் ஃபார்மட் செய்யவில்லை. ஒரு கோப்பை நீக்கியதும் அவை எழுந்தன. நமக்கு இதில் பெரிய பாடம் உண்டு.

மருந்துகளின் வரிசை

விண்டோஸ் அடுத்தடுத்து இருமுறை தொடங்கத் தவறினால், தானே ஒரு மீட்புத் திரையைக் காட்டும். அங்கே மருந்துகள் வரிசையாக உள்ளன. முதலில் தொடக்கப் பழுதுநீக்கம். அடுத்து, அண்மையில் வந்த புதுப்பிப்பை நீக்குதல். அதன்பின், முன்பு நலமாயிருந்த நிலைக்குத் திருப்புதல். பாதுகாப்பு முறையில் நுழைய முடிந்தால், கடைசியாக நிறுவிய நிரலை அகற்றிப் பார்க்கலாம். இவை யாவும் நம் கோப்புகளைத் தொடாதவை.

இவ்விடத்தில் ஒரு பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதிய கருவிகள் பலவற்றில் பிட்லாக்கர் என்னும் மறையாக்கம் நாம் அறியாமலே செயற்பட்டிருக்கும். மீட்பு வேளையில் அது 48 இலக்கங்கள் கொண்ட திறவெண்ணைக் கேட்கும். அவ்வெண் பெரும்பாலும் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். அக்கணக்கு யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் உள்ளது என்பதையே பல வீடுகளில் மறந்துவிடுகிறோம். இல்லத் தலைவர் ஒருவர் மட்டும் அறிந்திருந்து, அவர் மறைந்தபின் குடும்பமே திகைத்து நிற்கும் நிலை வேண்டாம். இன்றிரவே அவ்வெண்ணைத் தாளில் எழுதி, பத்திரங்களோடு வையுங்கள்.

சாமான்களை வெளியேற்றுதல்

எம்மருந்தும் பலிக்காவிடின், மறு நிறுவலுக்கு முன் கோப்புகளைப் படியெடுக்க வேண்டும். இயங்குதளமே எழாதபோது இது கூடுமோ எனலாம், கூடும். உபுண்டு போன்ற லினக்ஸ் வகையை வேறொரு கணினியின் துணையால் பென் டிரைவில் பதிந்து, அதிலிருந்தே கருவியைத் தொடங்கலாம். சேமிப்பகம் நலமாயிருந்து, பூட்டப்படாமலும் இருந்தால், பழைய கோப்புகள் திரையில் தோன்றும். அவற்றை வெளித் தட்டில் படியெடுத்துக் கொள்ளலாம். எடுத்த படிகளைத் திறந்து பார்த்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

மறு நிறுவல்

இதற்குக் குறைந்தது 8 ஜி.பி. அளவுள்ள பென் டிரைவ் வேண்டும். அதிலுள்ளவை அழிந்துவிடும் என்பதை நினைவிற் கொள்க. மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து நிறுவல் நிரலை இறக்கி, அதில் பதிந்து, அதிலிருந்து தொடங்குங்கள். முன்பிருந்த அதே பதிப்பைத் தேர்ந்தால், உரிமம் அந்த இயந்திரத்தோடு பதிவாகியிருப்பின், பெரும்பாலும் தானே ஏற்கப்படும். கடைக்காரர் தரும் கள்ளப் படிக்குத் தேவையில்லை. சேமிப்பகப் பிரிவுகளை நீக்கும் திரை வரும்போது ஒரு நிமிடம் நின்று சிந்தியுங்கள். எளிதில் திரும்பி வரவொண்ணாத எல்லை அதுவே.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பைக் கோருகிறது. பழைய கருவிகள் பலவற்றில் அது இல்லை. அவற்றைக் குப்பையில் எறிய வேண்டுவதில்லை. லினக்ஸ் நிறுவிப் பிள்ளைகளின் படிப்புக்குப் பயன்படுத்தலாம். நிறுவி முடித்தபின், புதுப்பிப்புகளை ஏற்று, மொழி அமைப்பில் தமிழையும் விசைப்பலகையையும் சேர்க்க மறவாதீர்கள். 1999-இல் சென்னையில் நடந்த இணையத்தமிழ் மாநாட்டையொட்டி உருவான தமிழ்99 அமைப்பு, இன்றைய விண்டோஸிலும் கிடைக்கிறது. நம் பிள்ளைகள் இந்த மண்ணில் தமிழில் எழுதப் பழக அது துணை நிற்கும்.

முடிவாக

கடைக்குச் செல்வது தவறன்று. சென்றால் மூன்று வினாக்கள் வினவுங்கள்: குறை இயந்திரத்திலா, இயங்குதளத்திலா? ஃபார்மட்டுக்கு முன் செய்து பார்த்தவை யாவை? என் கோப்புகளின் படி எங்கே? மூன்றாவதற்கு விடை கிடைக்கும்வரை கருவியை ஒப்படைக்காதீர்கள்.

இவை எல்லாவற்றினும் மேலானது முன்காப்பு. மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது அறிஞர் கூறும் நெறி. நமக்கு இது எளிது: ஒரு படி ஊரில் உள்ள உடன்பிறந்தாரிடம் இருக்கட்டும். நம் சங்கமும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, இளைஞர்கள் முதியோரின் கருவிகளுக்குப் படியெடுத்துக் கொடுக்கும் தொண்டைத் தொடங்கலாம் என்று செயற்குழுவை வேண்டுகிறேன். அரும்பொருள்களைச் சுமந்து வந்த நம் பெட்டிகள் ஒரு காலத்தில் இரும்பால் ஆனவை. இன்று அவை மின்னணுவால் ஆனவை. எதனால் ஆயினும், காக்கும் கடமை நம்முடையதே.