வழுக்களும் வாக்குகளும்

கணினி நிரலில் நேரும் பிழையைத் தமிழில் வழு என்பர். இலக்கண நூலார் ஆண்ட பழஞ்சொல் அது. வழுவேயாயினும் பொறுத்து ஏற்றுக்கொள்ளப்படுவதை அவர்கள் வழுவமைதி என்றனர். கணினி உலகிலும் எத்தனையோ வழுக்கள் அவ்வாறே பொறுத்துக்கொள்ளப்பட்டு வருகின்றன.

மூல நிரலை யாவரும் பார்க்கவும் திருத்தவும் இடமளிப்பது திறந்த மூல மென்பொருள். அதில் வழுவைக் கண்டவர் எவராயினும் முறைப்பாடு செய்யலாம். முறைப்பாடுகள் ஆயிரக்கணக்கிற் குவிகின்றன; திருத்துவோரோ சிலர். அவருள்ளும் பலர் ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் உழைப்பவர். ஆகவே, எதை முதலிற் கவனிப்பது என்னும் வினா எழுகின்றது.

நெற்ஸ்கேப் நிறுவனம் 1998 மார்ச் 31இல் தன் உலாவியின் மூல நிரலை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே, அத்திட்டத்தின் முறைப்பாடுகளைப் பதிவதற்காக டெரி வைஸ்மன் என்பார் பக்சில்லா என்னும் கருவியை அமைத்தார். பயனர் வாக்களிக்கும் வசதியும் பின்னர் அதில் இடம்பெற்றது. ஒவ்வொருவருக்கும் குறித்த அளவு வாக்குகள் உண்டு. அவற்றைப் பல வழுக்களுக்குப் பகிர்ந்தளிக்கலாம். சில இடங்களில் ஒன்றன்மீதே குவிக்கவும் செய்யலாம். போதிய வாக்குப் பெற்ற முறைப்பாடு, உறுதிப்படாத நிலையிலிருந்து உறுதிப்பட்ட நிலைக்கு உயரும் வகையிலும் திட்டங்கள் இதனை அமைத்துக்கொள்ளலாம்.

அவ்வளவே. தேர்தலில் வென்றவர் பாராளுமன்றம் செல்வர். வாக்கில் வென்ற வழுவோ ஆண்டுக்கணக்காக இருந்த இடத்திலேயே கிடக்கலாம். ஊதியம் பெறாத ஒருவரை வாக்கு எவ்வாறு கட்டுப்படுத்தும்? வாக்களித்தோர் சினங்கொள்வதும் உழைப்போர் மனம் நோவதும் பெரும்பாலும் இவ்விடத்திலேதான்.

வாக்குக்கு வேறொரு குறையும் உண்டு. இணையத் தொடர்புகளை மறைகுறியாக்கிக் காக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருளின் 1.0.1 பதிப்பு 2012 மார்ச்சில் வெளிவந்தது. ஒரு கணினி சிறு செய்தியை அனுப்பி, அதன் நீளம் இவ்வளவு என்றும் கூறும். மற்றையது அதனை அப்படியே திருப்பியனுப்பும். கூறிய நீளம் மெய்யா என்று சோதிக்கும் வரி அந்நிரலில் இல்லை. பொய்யாகப் பெரிய நீளத்தைக் கூறியவருக்கு, நினைவகத்தில் அடுத்துக் கிடந்த 64 கிலோபைற்று வரையான தரவு கிடைத்தது. கடவுச்சொற்களும் இரகசியத் திறவுகோல்களும் அதில் அகப்படக்கூடும். ஹார்ட்பிளீட் எனப் பெயர்பெற்ற இவ்வழு 2014 ஏப்பிரல் 7இலேயே வெளிப்படுத்தப்பட்டது. இரண்டு ஆண்டுகளாக எந்தப் பயனரும் அதற்கு வாக்களித்திருக்க வழியில்லை. பக்கங்கள் ஒழுங்காகத் திறந்தன. எவர்க்கும் எவ்வித அசௌகரியமும் தோன்றவில்லை. வாக்கு உறுத்தலை அளக்கும், ஆபத்தை அளக்காது.

1993இல் தொடங்கிய டெபியன் திட்டம் வழுவின் கடுமையைக் கொண்டு தரம் பிரிக்கின்றது. மேல் மூன்று தரங்களுள் அடங்கும் வழுக்கள் புதிய பதிப்பின் வெளியீட்டையே தடுக்கவல்லவை. தரவை அழிக்கும் வழுவுக்குப் பெருங்கூட்டத்தின் ஆதரவு வேண்டியதில்லை.

எனினும் இவ்வளவுகோலும் எவர்க்கும் ஒரே நேராக நிற்பதன்று. ‘கொ’ என்னும் எழுத்தில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கின்றது. ஒரு மென்பொருள் அதனைப் பிறழக் காட்டுகின்றது எனக் கொள்வோம். ஆங்கிலம் படிப்பவர் அதனைக் காணப்போவதேயில்லை. காண்பவருள் ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுதுவோர் மிகச் சிலர். வாக்குத் தேறாது. டெபியனின் வரையறைப்படி, எல்லார்க்கும் முற்றாகப் பயனற்றுப் போகாத பொதியின் பெரிய வழு, வெளியீட்டைத் தடுக்காத நான்காந் தரத்தது. தமிழ் வாசகருக்கு அப்பக்கம் முழுவதும் பாழ். கணக்கிலோ அது பிறர்க்குப் பயன்படும் பொதி. பொதியைப் பேணுபவர் மனம் வைத்தால் தரத்தை உயர்த்தலாம். அவருக்குத் தமிழ் தெரியாதே!

இத்தகைய வழுவுக்கு நூறு வாக்குகளினும் செம்மையான ஒரு முறைப்பாடே துணை. எழுத்துருவின் பெயர், மென்பொருளின் பதிப்பு, தட்டிய எழுத்துகளின் வரிசை, திரையிற் கண்ட உருவின் படம், அதனருகே சரியான உருவின் படம் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். அவை இருப்பின், தமிழறியாத நிரலாளரும் இரு படங்களையும் ஒப்புநோக்கி, தம் திருத்தம் பலித்ததா என்று தாமே கண்டுகொள்வர்.