மூடிய மில்லின் சொத்தில் முதல் பங்கு யாருக்கு?

(பவானியில் நடைபெற்ற ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு மில் மூடப்படுகிறது. கேட்டில் நோட்டீஸ் தொங்குகிறது. ஆறு மாதச் சம்பளம் பாக்கி, போனஸ் பாக்கி, பிராவிடண்ட் பண்டுக்கென்று பிடித்த பணம் கட்டப்பட்டதா என்பதே தெரியவில்லை. முதலாளி, "கம்பெனி திவால்" என்று கையை விரிக்கிறார். மறுநாள் பாங்கி ஆட்கள் வந்து இயந்திரங்களைக் கணக்கெடுக்கிறார்கள். இருபது வருஷம் அந்த இயந்திரங்களை ஓட்டியவன் கேட்டுக்கு வெளியே நிற்கிறான்.

மில்லை ஏலம் போட்டால் வரும் பணத்தில் முதல் பங்கு யாருக்கு? இதைத்தான் இன்று நாம் பேச வந்திருக்கிறோம்.

அடகு என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டை அடகு வைத்து விதை வாங்குகிறோம். கடனைத் திருப்பாவிட்டால் தோடு அடகுக் கடைக்காரனுக்கு. மளிகைக் கடையிலும் நமக்குக் கடன் இருக்கலாம்; ஆனால் அந்தத் தோட்டில் மளிகைக்காரர் பங்கு கேட்க முடியாது. மில் முதலாளியும் இதையே பெரிய அளவில் செய்கிறார். நிலம், கட்டடம், இயந்திரம், கிடங்கிலுள்ள பஞ்சு அனைத்தையும் பாங்கிக்கு அடமானம் எழுதிக் கொடுக்கிறார். அடமானம் வாங்கியவருக்கே சொத்தில் முதல் உரிமை என்பது பழைய சட்டம்.

அப்படியானால் தொழிலாளி யார்? அவனும் கடன் கொடுத்தவனே! மாதம் முழுவதும் முதலில் உழைக்கிறான். கூலி பிறகுதான் வருகிறது. அதுவரை தன் உழைப்பை முதலாளிக்குக் கடனாகத் தருகிறான். முதலாளி திவாலாகும்போது இந்தக் கடன் மூழ்கிப் போகிறது என்பதை 1867-ல் வெளிவந்த 'மூலதனம்' நூலிலேயே மார்க்ஸ் எடுத்துக் காட்டினார். பாங்கி பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கடன் தருகிறது. நாம் பத்திரமே இல்லாமல் தருகிறோம். வித்தியாசம் இவ்வளவுதான்.

போராடிப் பெற்ற இடம்

ஒரு காலத்தில், கம்பெனியைக் கலைக்கும் வழக்கில் பேசவே தொழிலாளிக்கு உரிமை இல்லை என்று வாதாடினார்கள். தேசிய ஜவுளித் தொழிலாளர் சங்கம் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 1982 டிசம்பரில் ஐந்து நீதிபதிகளில் மூவர், தொழிலாளர் தரப்பையும் கேட்டாக வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். 1985-ல் கம்பெனிச் சட்டம் திருத்தப்பட்டது. அடமானம் வாங்கிய பாங்கியும் தொழிலாளியும் சரிசமமாகப் பங்கு பெற வேண்டும் என்று எழுதப்பட்டது. யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகையல்ல இது. சங்கங்கள் ஓயாமல் கேட்டுப் பெற்றது.

பிறகு 2016-ல் புதிய திவால் சட்டம் வந்தது. அதன் 53-வது பிரிவு ஒரு வரிசை போட்டது. முதல் படியில் திவால் நடவடிக்கைக்கான செலவு. இரண்டாம் படியில், அடமானத்தை விட்டுக்கொடுத்து வரிசைக்கு வரும் பாங்கியும், தொழிலாளரின் 24 மாதப் பாக்கியும் சமமாக. அதன் பிறகே மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம், அடமானமில்லாத நிதிக் கடன், சர்க்கார் வரி, ஏனைய கடன்கள். கடைசியில் பங்குதாரர்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். செலவு போக மில் ரூ. 10 கோடிக்கு விற்றது. பாங்கிக் கடன் ரூ. 30 கோடி. நமது 24 மாதப் பாக்கி ரூ. 10 கோடி. மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பாங்கிக்கு ஏழரைக் கோடி, நமக்கு இரண்டரைக் கோடி. அதாவது ரூபாய்க்கு 25 காசு!

சூழ்ச்சி அந்த 24 மாதத்தில் இருக்கிறது. கம்பெனியைக் கலைக்க உத்தரவான தேதியிலிருந்து பின்னோக்கி அந்த 24 மாதம் எண்ணப்படுகிறது. மில்லை 2019-ல் மூடி, 2023-ல் உத்தரவானால் கணக்குக்கு வருவது பூட்டிக் கிடந்த காலமே. 2018-ல் நாம் வியர்வை சிந்திய மாதங்களின் கூலி, வரிசையின் அடிப்படிக்குத் தள்ளப்படுகிறது. அங்கே பணம் வந்து சேர்வது அபூர்வம். 1985-ம் வருஷத் திருத்தத்தில் இந்த வரம்பு கிடையாது. இது அநியாயம் என்று மோசர் பேர் கம்பெனித் தொழிலாளர் சங்கம் வழக்காடியது. 2023 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு அதை ஏற்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. மில்லின் தலைவிதியை முடிவு செய்யும் கமிட்டியில் ஓட்டுரிமை நிதிக் கடன் கொடுத்தவர்களுக்கே. நமது பாக்கி மொத்தக் கடனில் 10 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் நம் பிரதிநிதி போய் உட்காரலாம். ஓட்டுப் போட முடியாது!

கரும்பு கொடுத்தவர் கதி

விவசாயத் தோழர்கள், "இது மில்காரர் விவகாரம்" என்று எண்ண வேண்டாம். தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடியைப் பாருங்கள். திரு ஆரூரான் சர்க்கரை ஆலை திவால் நடவடிக்கைக்குள் போய், வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியது. கரும்புப் பணம் பாக்கி. தங்கள் பெயரிலேயே ஆலை பாங்கிக் கடன் எடுத்துவிட்டது என்பது விவசாயிகளின் குற்றச்சாட்டு. 2022 நவம்பர் 30 அன்று ஆலை வாசலில் அவர்கள் காத்திருப்புப் போராட்டம் தொடங்கினார்கள். கரும்பை ஒப்படைத்த 14 நாளில் பணம் தர வேண்டும் என்று 1966-லேயே சர்க்கார் உத்தரவு போட்டது. ஆனால் திவால் வரிசையில் கரும்பு விவசாயிக்கு அடமானம் இல்லை. ஆகவே இடம் கடைசிப் படிகளில். விவசாயிக்கே இந்தக் கதி என்றால், மேஸ்திரியின் வாய்ச்சொல்லை நம்பிக் கரும்பு வெட்டியவன் கூலிக்கு எந்த வரிசையில் இடம்?

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, காகிதம். சம்பளச் சீட்டு, வருகைக் கார்டு, பிராவிடண்ட் பண்டு எண் எதையும் தொலைக்காதீர்கள். ஜமக்காளத் தறிக்காரர்களும் கரும்பு வெட்டுகிறவர்களும் கூலிக் கணக்கை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நமது பத்திரம் அதுதான்.

இரண்டாவது, பிராவிடண்ட் பண்டும் பென்ஷன், கிராஜுவிட்டி நிதிகளும் ஏலச் சொத்தில் சேராது என்று 2016-ம் வருஷச் சட்டம் சொல்கிறது. பிராவிடண்ட் பண்டு பாக்கி பாங்கியின் அடமானத்துக்கும் முந்தியது என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. மில் ஓடும்போதே மாதாமாதம் பணம் கட்டப்படுகிறதா என்று பாருங்கள். மூடிய பிறகு தேடாதீர்கள்.

மூன்றாவது, காலம் கடத்தாதீர்கள். மில் மூடி வருஷங்கள் ஓடவிட்டால் 24 மாதக் கணக்கு நம்மை விழுங்கும். பாக்கிக்காரக் கம்பெனி மீது திவால் மனுப் போட 2020 மார்ச் முதல் ஒரு கோடி ரூபாய் பாக்கி வேண்டும் என்று ஆக்கினார்கள். தனித் தொழிலாளி எந்த ஜென்மத்தில் அதை எட்டுவான்? ஆனால் எல்லோருக்கும் சேர்த்துச் சங்கமே மனுப் போடலாம் என்று கான்பூர் சணல் மில் தொழிலாளர் வழக்கில் 2019 ஏப்ரலில் தீர்ப்பாகியிருக்கிறது. பத்திரிகையில் அறிவிப்பு வந்தால், அதில் கண்ட கெடுவுக்குள் உரிமை மனுவைச் சங்கத்தின் மூலம் கொடுத்துவிடுங்கள்.

தோழர்களே! சட்டத்தின் வரிசையில் நமக்குக் கிடைத்த இடத்தைக் காப்பாற்ற வேண்டும். அதோடு நில்லாமல், உழைத்த கூலி முழுவதும், 24 மாத வரம்பின்றி, அடமானத்துக்கும் முந்திய கடன் என்று சட்டம் எழுதப்படப் போராட வேண்டும். கரும்புப் பணத்துக்கும் அதே காப்பு வேண்டும். காவிரியும் பவானியும் கூடுகிற ஊர் இது. மில் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் அப்படிக் கூடினால், நம் கூலியை அடித்துக்கொண்டு போக எவனாலும் ஆகாது!