கடல் தாண்டி வரும் பூச்சிக்குக் காவல் எங்கே?



குச்சிக்கிழங்குக் காட்டில் குருத்து கொண்டை கட்டி, இலை சுருண்டு, வெள்ளையாக மாவு அப்பிக் கிடந்ததை நாம எல்லாரும் பார்த்தாச்சு. இந்த மாவுப்பூச்சி நம்ம மண்ணில் பிறந்தது கிடையாது. சொந்த ஊர் தென் அமெரிக்கா. 1970-களில் ஆப்பிரிக்காவிலும், 2008-ல் தாய்லாந்திலும் புகுந்து மரவள்ளியை நாசம் செய்தது. 2020-ல் கேரளத்துத் திருச்சூரில் கண்டார்கள். அப்புறம் சேலம், நாமக்கல், நம்ம கள்ளக்குறிச்சி.

இந்தப் பெண் பூச்சிக்கு இறக்கை இல்லை. காற்று அடுத்த காட்டுக்குத் தள்ளும். கடல் தாண்ட அதுக்கு ஒரு குச்சியோ செடியோ வேணும். ஆண் துணையும் வேண்டாம், தனியாகவே முட்டை வைத்துப் பெருகும். ஒரு கரணையில் ஒரே பூச்சி இருந்தால் போதும்.

சட்டம் இல்லையா? இருக்கு. வெள்ளைக்காரன் 1914-லேயே போட்டான். அதன் கீழ் 2003-ல் தாவர குவாரன்டைன் உத்தரவு வந்தது. அனுமதிச் சீட்டு வேணும், அனுப்பும் நாட்டின் நோயில்லாச் சான்று வேணும், இறங்கிய இடத்தில் சோதனை வேணும். சென்னையில் நிலையமும் இருக்கு. இத்தனையும் தாண்டித்தான் 2008-ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி, 2018-ல் மக்காச்சோளப் படைப்புழு, 2020-ல் இது. படைப்புழுவின் அந்துப்பூச்சி வெகுதூரம் பறக்கும், அதைத் தடுப்பது கஷ்டம்தான், ஒத்துக்கிறேன். மாவுப்பூச்சிக்கு அந்தச் சாக்குச் செல்லாது.

பெனின் நாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் விட்டார்கள். நல்ல காரியம், பாராட்டுவோம். நன்மை செய்யும் அந்தக் குளவியைக்கூட அடைத்து வைத்துச் சோதித்த பிறகுதான் வெளியே விட்டார்கள். கெடுக்கிற பூச்சி சீட்டே இல்லாமல் வந்துடுச்சு!

உள்ளூரிலும் இதே கதைதான். மாவட்டம் விட்டு மாவட்டம் லாரியில் வரும் கரணைக்கு எங்கே சோதனை? தேமல் நோயும் அந்தக் கரணையில்தான் வருது. மழையை நம்பி மலையில் ஒரே போகம் எடுக்கிறவருக்கு அது போனால் வருஷ வரும்படியே போச்சு.

ஆகவே கேட்கிறோம். குவாரன்டைன் நிலையங்களில் போதிய ஆள் போடு. மலையடிவாரத்தில் நோயில்லாக் கரணைப் பண்ணை வை. வட்டாரந்தோறும் குளவி வளர்த்து இலவசமாகக் கொடு. அழிந்த காட்டுக்கு நிவாரணம் கொடு.

வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசுக்கு வாங்க. ஆளுக்கொரு குருத்து ஒடித்து, பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி எடுத்து வாங்க. திறந்தபடி கொண்டுவந்தால் வழியெல்லாம் நாமே பரப்பின மாதிரி ஆயிடும்.