ஆரம்ப சுகாதார நிலையமும் நமது கடமையும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பணியை இக்கல்விச் சங்கம் ஆற்றி வந்துள்ளது. பெற்ற கல்வியைக் கொண்டு ஊருக்கு உழைக்க ஓரிடத்தை இன்று சுட்டிக்காட்ட விரும்புகிறோம். அது நம் ஊருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமே.

பொது இடங்களில் நமக்குள்ள உரிமை எளிதில் கிட்டியதன்று. செங்கற்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பொதுச் சாலை, கிணறு, அலுவலகம் ஆகியவற்றை நம்மவர் தடையின்றிப் பயன்படுத்த வழிசெய்யும் தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். தீண்டாமையின் பேரால் மருத்துவமனையில் ஒருவரை அனுமதிக்க மறுப்பது தண்டனைக்குரிய குற்றம் என 1955-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. இவ்வாறு வாயில் திறந்தது. ஆயினும், உள்ளே நுழைந்தவர் வாய்மூடி நிற்பாராயின் திறந்த வாயிலால் முழுப்பயன் விளையாது.

மருத்துவ அறிவு வளர இப்பகுதி மக்கள் உதவியதை நாம் மறத்தலாகாது. காசநோய்த் தடுப்புக்கான பி.சி.ஜி. ஊசியைச் சோதிக்க, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசிக்குக் கை நீட்டினர். வயது வந்தோருக்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்ற உண்மையை உலகம் அவர்களால் அறிந்தது. அன்று கை நீட்டிய மக்கள், இன்று கருத்தும் கூற வேண்டாவா?

இங்கிலாந்தில் நோயாளிகள் ஒன்றுகூடித் தம் மருத்துவருக்கு யோசனை கூறும் குழுக்கள் 1972-இல் தோன்றின. 2015 முதல் அங்குள்ள ஒவ்வொரு பொது மருத்துவரகமும் அத்தகைய குழுவை அமைத்தல் வேண்டுமென ஒப்பந்தத்திலேயே சேர்க்கப்பட்டது. நம் நாட்டில் இந்தூர் நகர அரசு மருத்துவமனையில் 1994-இல் தொடங்கிய நோயாளர் நலச் சங்க முறை, 2005-இல் வந்த தேசிய ஊரக சுகாதார இயக்கத்தால் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை பரவியது. அச்சங்கத்தின் கூட்டம் எப்போது நடைபெறுகிறது, அதில் யார் அமர்கின்றனர், நிதி எதற்குச் செலவாகிறது என்பவற்றை நம்மில் எத்தனை பேர் கேட்டறிந்துள்ளோம்?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தொண்டு என்றவுடன் நம்மவர் கையில் துடைப்பத்தைக் கொடுப்பது இச்சமூகத்தின் பழைய வழக்கம். துப்புரவு, ஊதியத்துக்குரிய பணி. அதற்கு ஊழியரை நியமித்தல் அரசின் கடமை. நாம் ஆற்றவேண்டிய தொண்டு அறிவாலும் பேச்சாலும் எழுத்தாலும் ஆவது.

அத்தொண்டு யாது? எழுதத் தெரியாத முதியவருக்கு விண்ணப்பம் எழுதித் தரலாம். காலையிலேயே புறநோயாளர் நேரம் முடியுமிடத்தில், கூலி வேலைக்குச் செல்வோர் ஒருநாள் ஊதியத்தை இழக்கின்றனர். மாலை நேரச் சிகிச்சையின் தேவையை எடுத்துரைக்கலாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் மாத்திரைகள் நமது குடியிருப்பின் கடைசி வீடு வரை வந்து சேருகின்றனவா எனக் கணக்கெடுக்கலாம். மாமல்லபுரத்துக்கு அருகில் வடநெம்மேலியில், 1978-இல் நிறுவப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத்தரும் பாம்பு நஞ்சிலிருந்து நாடெங்கும் விஷமுறிவு மருந்து தயாராகிறது. அம்மருந்து நம் கழனிகளுக்கு அருகிலுள்ள நிலையத்தில் எந்நேரமும் இருப்பில் உள்ளதா என்று கேட்பது எத்துணை நியாயம்!

குறை கூறும்போது நாளும் நேரமும் குறித்து எழுதுதல் வேண்டும். மருத்துவரும் செவிலியரும் நம் பகைவரல்லர். ஆள் பற்றாக்குறையால் அவர்களும் அல்லலுறுகின்றனர். அவர்களுக்காகவும் நாம் மனு எழுதுவோம்.

இளைஞர்களே! ஒவ்வொரு ஊரிலும் இருவர், அவருள் ஒருவர் பெண், இப்பொறுப்பை ஏற்க முன்வருக. வரும் மாதமே சுகாதார நிலையத்துக்குச் சென்று, நோயாளர் நலச் சங்கக் கூட்டத்தின் நாளைக் கேட்டு எழுதி வருக. நாமும் உடன் வருவோம்.