கேரித் தீவின் பாத்தின்

மலேசியாவின் சிலாங்கூரில், பண்டமாரானிலிருந்து பந்திங் சாலையில் தெற்கே சென்று, தெலுக் பங்லிமா காராங்கில் திரும்பி, லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் செம்பனைக் காடாக விரியும் கேரித் தீவு வந்துவிடும். எட்வர்ட் வேலன்டைன் கேரி என்ற தோட்டத் துரையின் பெயரைச் சுமக்கும் இத்தீவைத் தமிழர்கள் ரப்பர்க் காலம் தொட்டே அறிவர். துரையும் தோட்டமும் வருவதற்கு முன்பே இக்கரையோரத்தின் கண்டல் காடுகளில் மீன், நண்டு பிடித்து வாழ்ந்தவர்கள் மா மெரி என்னும் பூர்வகுடியினர். இன்று சுங்கை பும்புன், சுங்கை ஜூடா முதலிய கம்பங்களில் வாழும் அவர்களின் தொகை சில ஆயிரங்களைத் தாண்டாது.

பழைய நூல்கள் இவர்களை பெசிசி என்றும், வாசிர் ஜஹான் கரிம் 1981இல் வெளியிட்ட ஆய்வு நூல் மா பெத்திசே என்றும் குறிக்கின்றன. அரசாங்கப் பட்டியல் இவர்களை செனோய் பிரிவில் வைத்திருக்கிறது. மொழியோ வேறு கதை சொல்கிறது. செமெலாய் முதலிய மொழிகளை உள்ளடக்கிய தென் அஸ்லியான் கிளையைச் சேர்ந்த அது, மலாய்க்கன்றி, தொலைதூர மோன், கெமர் மொழிகளுக்கே உறவாகும். பட்டியல் போட்ட அதிகாரியின் வசதிக்கேற்ப ஓர் இனத்தின் முகவரி மாறிப்போவது இந்நாட்டில் புதிதன்று.

ஓர் ஊரை ஒன்றாகக் கட்டுவது எது என்பது இனத்துக்கு இனம் மாறும். பாப்புவாக் கடற்கரையின் மோத்து மக்களிடம் இதுஹு எனப்படும் குலங்கள் உண்டு. தந்தைவழி வரும் அக்குலமே ஒருவருக்கு வீட்டையும் நிலத்தையும் காட்டும். மா மெரி மக்களோ உறவைத் தந்தை, தாய் ஆகிய இருவழியிலும் எண்ணுபவர்கள். ஆகவே ஊரை ஒன்றாகக் கட்டும் வேலையைக் குலப்பெயரைவிட, முயாங் எனப்படும் மூதாதையர் ஆவிகளே செய்கின்றன எனலாம். ஆண்டுதோறும் ஊருக்கு ஊர் மாறும் நாளில் நிகழும் ஆரி முயாங் விழாவில், அம்மூதாதையர்க்குப் படையலிட்டு, நீரே பத்து என்ற கண்டல் மரத்தில் செதுக்கிய முகமூடிகளை அணிந்து ஆடுகிறார்கள். பெண்கள் தென்னங்குருத்தும் நீப்பா ஓலையும் மடித்துச் செய்யும் அணிகள் அதற்கு அழகூட்டும். உலக அளவில் பரிசு பெற்ற மா மெரி மரச்சிற்பங்களின் பிறப்பிடம் இந்த வழிபாடே.

ஊர்த் தலைவரைப் பாத்தின் என்பர். அவருக்குக் கீழே ஜெனாங், ஜுக்ரா முதலிய பதவிகள் உள்ளன என்பதை, குவாலா லங்காட் வட்டாரத்தில் பணியாற்றிய ஸ்கீட், பிளாக்டனுடன் சேர்ந்து 1906இல் வெளியிட்ட நூலிலேயே காணலாம். பாத்தினின் கையில் படை இல்லை. வழக்கைத் தீர்ப்பதற்கும் மரபைக் காப்பதற்கும் அவரிடம் இருந்தது ஊராரின் இசைவு மட்டுமே, அந்த இசைவுதான் அவருடைய வலிமையும்.

அவசரகாலத்தின் நடுவே, 1954இல் இயற்றப்பட்ட பூர்வகுடிச் சட்டம் பாத்தினுக்கும் ஊராருக்கும் உள்ள இவ்வுறவின் அடியைத் தொட்டது. மரபுவழித் தலைவரோ, மரபுவழி இல்லாத இடத்தில் ஊரார் தேர்ந்தெடுத்தவரோ தலைவராவார் என்று கூறும் அச்சட்டம், அவர் அமைச்சரின் உறுதிப்பாட்டைப் பெற வேண்டும் என்றும், அமைச்சர் அவரை நீக்கலாம் என்றும் சேர்த்தே கூறுகிறது. தோட்டத் தமிழர்களுக்கு இந்நிலை எளிதில் விளங்கும்: கங்காணி ஊர்க்காரராகவே இருந்தாலும் அவருடைய பதவி துரையின் கையில் இருந்ததைப் போல, பாத்தினும் மூதாதையருக்கும் அரசாங்கத்துக்கும் இடையே நிற்கிறார். ஒரு வேறுபாடு மட்டும் பெரியது. கங்காணி என்ற பதவியை உண்டாக்கியது தோட்டம், பாத்தின் என்ற பதவியோ சட்டத்துக்கு முந்தியது.

நிலம் பேசப்படும்போது இந்த இடைநிலையின் கூர்மை தெரியும். அதே சிலாங்கூர் மாநிலத்தில், டெங்கில் அருகே புக்கிட் தம்போயில் வாழும் தெமுவான் மக்கள், நெடுஞ்சாலைக்காக நிலம் எடுக்கப்பட்டதை எதிர்த்து சாகோங் பின் தாசி தலைமையில் தொடுத்த வழக்கில், 2002இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் அவர்களது மரபுவழி நில உரிமையை ஏற்றது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. கேரித் தீவில் புதிய துறைமுகம் அமைக்கும் யோசனை 2017 முதல் பேசப்பட்டு வரும் நிலையில், சுங்கை பும்புன் மக்கள் வலைவீசும் ஆற்றுமுகங்களுக்கும் கண்டல் காட்டுக்கும் யார் பேசுவது என்ற கேள்வி, ஊரின் இசைவும் அமைச்சரின் உறுதிப்பாடும் ஒருசேரத் தேவைப்படும் அந்தப் பாத்தினின் வாசலில்தான் வந்து நிற்கிறது.