அலுமாரியில் வைத்த டோர்ச்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் விஞ்ஞானப் பிரிவுப் பழைய மாணவியர் ஆற்றிய உரை)



விஞ்ஞானம் படித்த நீங்கள் ஏதாவது பிரயோசனமாகப் பேசுங்கள் என்றார்கள். ஆகவே ஒரு டோர்ச் லைட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதற்குப் பிறகு அடைமழை பிடித்தால் எங்கள் பக்கத்தில் நிம்மதியான தூக்கம் இல்லை. மின்சாரம் போன இருட்டில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளியேற வேண்டி வரலாம். அந்த நேரம் பார்த்து, போன மழைக்கு சார்ஜ் பண்ணி அலுமாரியில் வைத்த டோர்ச் எரியாது. கடைக்காரரை ஏசுகிறோம். பல வேளைகளில் அவர்மேல் பிழையில்லை.

அந்தப் பற்றரி நிக்கல் உலோக ஐதரைட்டு வகையானால், அதற்குள் சேமித்திருப்பது ஐதரசன். சார்ஜ் ஏறும்போது நீர் உடைந்து, ஐதரசன் அணுக்கள் உலோக மின்வாய்க்குள் புகுந்து இடுக்குகளில் தங்குகின்றன. டோர்ச்சைப் போட்டால் அவை வெளியேறி மறுபடி நீராகின்றன. இலத்திரன்கள் பல்பின் வழியே போகின்றன. பலேடியம் தன் கனவளவைப்போல் பல நூறு மடங்கு ஐதரசனை உறிஞ்சுவதை தோமஸ் கிரகாம் 1860களிலேயே கண்டார். ஆனால் பலேடியத்தில் டோர்ச் செய்ய யாரால் முடியும்! 1960களின் இறுதியில், பிலிப்ஸ் ஆய்வுகூடத்தார் லந்தனம்-நிக்கல் கலப்புலோகத்துக்கும் அந்தக் குணம் உண்டென்று கண்ட பின்பே வழி பிறந்தது.

குறை ஒன்று உண்டு. சும்மா கிடக்கும்போதும் ஐதரசன் மெல்லக் கசிந்து எதிர்ப்பக்க மின்வாயைச் சேர்ந்து, பல்பு எரியாமலே சார்ஜைத் தீர்க்கிறது. 2005இல் சான்யோ நிறுவனம், மக்னீசியமும் சேர்ந்த, அடுக்கடுக்கான அமைப்புள்ள கலப்புலோகத்தால் இந்தக் கசிவை வெகுவாகக் குறைத்தது. ஒரு வருடம் கிடந்தாலும் பெரும்பங்கு மிஞ்சும்.

"உலோகம் பாரம், நம் நாட்டுக் காரீயமும் அடுக்கடுக்கானதுதானே, அதில் வைக்கலாகாதா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். போகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயம் தூய்மைக்குப் பெயர்போனது. ஆனால் அதன் அடுக்குகளின் இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் 30 இலட்சத்தில் ஒரு பங்கு; ஐதரசன் மூலக்கூறுக்கு அங்கே வசதியான இடமில்லை. காபனின் மேற்பரப்பில் ஒட்டினாலும் சாதாரண வெப்பநிலையில் பிடி தளர்ந்துவிடும். 1997இல் காபன் நுண்குழாய்கள் ஏராளமாக ஐதரசனைப் பிடிக்கும் என்று பெரிய செய்தி வந்தது. பிறகு அளந்தவர்களுக்கு அவ்வளவு கிடைக்கவில்லை. அதே காரீயம் இலித்தியத்தை மட்டும் அடுக்குகளுக்குள் அழகாக ஏற்கிறது. உங்கள் கைப்பேசியில் நடப்பது அதுதான். காரீயத்தை நாங்கள் குறைத்துப் பேசவில்லை, அக்கா. ஐதரசனுக்கு அது வீடில்லை என்கிறோம், அவ்வளவே.

பழைய வகைப் பற்றரியானால் மாதம் ஒருமுறை சார்ஜ் பண்ணுங்கள். புதிதாக வாங்குவோர் சுயமாகச் சார்ஜ் இறங்குவது குறைவான வகையைக் கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் ஐப்பசி மழைக்கு முன் ஒருதரம் போட்டுப் பாருங்கள். கேள்விகள் இருந்தால் தேநீர் நேரத்தில் பேசுவோம்.